மறு: ஃபீடுக்கு ‘வரத்து’ன்னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு தளத்துல வர்ற புதுப் பதிவுகள நம்ம ஆப்புக்குக் கொண்டாந்து சேக்குற ஃபீடுக்கு (feed) தமிழ்ல ‘வரத்து’ன்னு வைக்கலாம்னு சொல்லியிருந்தேன். அதுக்கு ஒரு ஐயா கேட்டது:

> ‘ஓடை’ ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே தம்பி, அத ஏன் மாத்தணும்?

ஐயா, ஓடைங்கறது தன்பாட்டுக்கு ஓடுறது, யாருக்காகவும் இல்ல. ஃபீடு அப்படி இல்லீங்களே. தளம் தன்னோட புதுப் பதிவுகளோட தலைப்பு, தேதி, சுட்டி, கொஞ்சம் உள்ளடக்கம் எல்லாத்தையும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல எழுதி வச்சிருக்கும், ஃபீடு படிக்கிற நம்ம ரீடர் ஆப் அப்பப்ப போயி போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கான்னு கேக்கும், மாறலன்னா சர்வர் ‘மாறல’ங்கறதுக்கான 304ங்கற குறிய மட்டும் சொல்லி அனுப்பிடும், மாறியிருந்தா ஃபைலு வரும், அதுல ஒவ்வொரு பதிவுக்கும் இருக்குற அடையாளத்த வச்சு எது புதுசுன்னு ஆப் பிரிச்சுக்கும். கடைசியில படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது நமக்கு என்ன வந்திருக்குங்கறதுதான். அதுக்கு டெல்டாவுல எல்லார் வாயிலயும் இருக்குற வார்த்தை வரத்து. ஜூன் பொறந்தா டீக்கடையில மொதக் கேள்வியே ‘மேட்டூருக்கு வரத்து எவ்வளவு?’தானே. மார்க்கெட்டுல காய்கறிக்கும் வரத்துதான். ஃபீடுங்கறத அப்படியே மொழிபெயர்த்து ‘ஊட்டம்’னா பயிருக்குப் போடுற உரம்தான் ஞாபகம் வருது, அது வேணாம்.

ஒட்டிப் பாருங்க: ஆர்எஸ்எஸ் (RSS, ஃபீடு எழுதுற ஒரு வடிவம்) வரத்து, வரத்து முகவரி, முழு வரத்து, சுருக்க வரத்து. பல தளத்துப் பதிவுகள ஒரே இடத்துல சேத்துக் காட்டுற திரட்டிங்கற சொல்லத் தொட வேணாம், தமிழ் வலைப்பதிவுகளத் திரட்டுன தமிழ்மணம் காலத்துலயே அது நல்லா ஊணிருச்சு.

இவ்வளவு மெனக்கெடுறதுக்குக் காரணம் இருக்கு. 2013 ஜூலையில ஃபீடு படிக்கிற கூகுள் ரீடர மூடுனாங்க, 2018 டிசம்பர்ல ஃபயர்பாக்ஸும் உள்ளயே இருந்த ஃபீடு வசதிய எடுத்துருச்சு, அதோட இது செத்துப்போச்சுன்னு நம்மாளுங்க விட்டுட்டாங்க. சாகலைங்க. வேர்ட்பிரஸ் தளம்னா இப்பவும் தானாவே ஃபீடு குடுக்குது, பாட்காஸ்ட் பெரும்பாலும் ஆர்எஸ்எஸ் மேலதான் ஓடுது, தமிழ் விக்கிபீடியாவோட அண்மைய மாற்றங்களுக்குக்கூட ஆட்டம் (Atom) ங்கற இன்னொரு வடிவத்துல ஃபீடு இருக்கு. ஐப்பசியில தாழ்வுப்பகுதி பத்தி ஒருத்தர் எழுதுற பதிவு சமூக வலைத்தளத்துல மூணாம் நாள் மேல வந்து நிக்குது, அதுக்குள்ள சம்பா நாத்து தண்ணிக்குள்ள போயிருது. எத மொதல்ல காட்டணும்னு அங்க கம்பெனிக்காரன் முடிவு பண்றான். ஃபீடுல நாம சேத்த தளம் மட்டும், எழுதுன வரிசையில வரும். இத நம்ம ஊரு விவசாயிகிட்ட சொல்லணும்னா அவருக்குப் புரியுற பேரு வேணும்.

மன்னார்குடியிலேர்ந்து

—

தம்பி, சொல் நல்லாத்தான் இருக்கு. ஒரு சந்தேகம், வரத்துன்னா தானா வர்றது. ஃபீடு நாம போயி எடுத்தாறது. பொருள் தப்பாகாதா?

கும்பகோணத்துலேர்ந்து

—

ஐயா, சரியான கேள்வி. ஆனா நம்ம பக்கம் தண்ணி மட்டும் தானாவா வருது? மேட்டூர்ல தொறந்து, கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிச்சு விட்டு, அப்பறம் முறை வச்சு கடைமடைக்கு வருது. நாகப்பட்டினத்துல நின்னு பாக்குறவருக்கு அதும் வரத்துதான். யாரு தொறந்தா, யாரு கேட்டாங்கறத அந்தச் சொல் சொல்லல, வந்து சேருறதத்தான் சொல்லுது. கேட்டு எடுக்குற வேலைக்கு ‘வரத்துப் பாத்தல்’னு தனியா வச்சுக்கலாம்னு நெனைக்கிறேன்.

எனக்கு இடிக்கிறது, ஃபீட நம்ம ஆப்புல சேத்துக்குறதுக்குச் சொல்ற சப்ஸ்கிரைப்ங்கற சொல்தான். சில தளத்துல ‘குழுசேர்’னு போட்டிருக்காங்க, ஃபீடுல குழுவே கிடையாது, யாரு படிக்கிறாங்கன்னு தளத்துக்குப் பேரு ஊரு எதும் தெரியாது, மின்னஞ்சல்கூடக் குடுக்க வேணாம், அதுதான் இதோட பெரிய நன்மையே. ‘சந்தா’ன்னா காசு கட்டணுமோன்னு பயப்படுவாங்க. பட்டன்ல ‘வரத்தில் சேர்’, எடுக்குறதுக்கு ‘வரத்தை நிறுத்து’ன்னு வச்சுப் பாத்தேன், ரெண்டாவது நல்லா இருக்கு, மொதலாவது நாமளே அதுக்குள்ள போயி விழுற மாதிரி தொனிக்குது. ‘வரத்தைச் சேர்’னு வேற்றுமைய மாத்துனா சரியாயிரும்னு தோணுது. இலக்கணம் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுங்க.