ட்ராப்அவுட் ப்ரெடிக்ஷன்: 'என்ரோல்டு' மட்டும் சொதப்புது, யாராச்சும் பாருங்க

ஃபைனல்இயர்_பாவி:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு போர்ச்சுகல் போர்த்தலெக்ரே பாலிடெக்னிக் டேட்டாசெட் எடுத்திருக்கேன், மெஷின் லேர்னிங் டேட்டா இலவசமா தர்ற யூசிஐ சைட்ல கிடைக்குமே அதான், 4424 ஸ்டூடண்ட், 36 காலம் (column), ஒவ்வொருத்தரும் படிப்ப விட்டாரா (ட்ராப்அவுட்), முடிச்சாரா (கிராஜுவேட்), இன்னும் படிக்கிறாரா (என்ரோல்டு)னு மாடல் சொல்லணும். எல்லாத்தையும் அப்படியே ரேண்டம் ஃபாரஸ்ட்ல (நிறைய டிசிஷன் ட்ரீ சேந்து ஓட்டு போடுற மாடல்) தள்ளினேன், அக்யூரசி 75% பக்கம் வருது, ட்ராப்அவுட், கிராஜுவேட் ஓகே, என்ரோல்டுல பாதிக்கு மேல தப்பு. எக்ஸ்ஜிபூஸ்ட்னு இன்னொரு ட்ரீ மாடல் போட்டாலும் அதே கதை. கைடு 90 வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்.

கோடு_கிறுக்கன்:
ப்ரோ அக்யூரசிய விடுங்க. 2209 பேர் கிராஜுவேட், கண்ண மூடிட்டு எல்லாரும் முடிச்சுட்டாங்கன்னு சொன்னாலே 50 கிட்ட வந்துரும். ட்ராப்அவுட் 1421, என்ரோல்டு வெறும் 794. மேக்ரோ எஃப்1 பாருங்க, அது மூணு வகைக்கும் தனித்தனியா மார்க் போட்டு சமமா சராசரி எடுக்கும். ஸ்மோட் (கம்மியா இருக்கிற வகைக்கு செயற்கையா ஆள் சேக்கிற முறை) போடுறதா இருந்தா மாடல் கத்துக்கிற ட்ரெயின் டேட்டால மட்டும், மொத்த டேட்டாக்கும் போட்டுட்டு அப்புறம் ட்ரெயின், டெஸ்ட்னு ஸ்ப்ளிட் பண்ணா டெஸ்ட்லயும் அந்த செயற்கை ஆளுங்க கலந்து 90 கூட வரலாம், ஆனா அது பொய் 90.

புள்ளியியல்_அக்கா:
தம்பி, செகண்ட் செம்ல எத்தனை பேப்பர் பாஸ்ங்கிற காலமும் உள்ள இருக்கா? முதல் வருஷம் முழுக்க முடிஞ்சப்புறம்தான தெரியும் அது, அதுக்குள்ள பாதிப் பேர் மனசுல காலேஜ விட்டே போயிருப்பான், அப்புறம் நீ என்னத்த முன்கூட்டி சொல்றது? ஃபீஸ் கட்டியாச்சாங்கிற காலமும் எனக்கு சந்தேகம்தான். கட்ட முடியாம நின்னானா, நின்னதால கட்டலையான்னு அந்த 0, 1ல தெரியாது.

என்ரோல்டுன்னா கோர்ஸுக்கான வருஷம் முடிஞ்சும் இன்னும் படிச்சிட்டு இருக்கிறவங்க, நம்ம ஊர் பாஷைல அரியர் கேஸ். அதுல பாதி நாளைக்கு முடிப்பான், பாதி விட்டுட்டுப் போவான், மாடல் குழம்பாம என்ன பண்ணும்? அட்மிஷன் அன்னைக்கு தெரிஞ்சது மட்டும் வச்சு ஒண்ணு, முதல் செம் மார்க் சேத்து ஒண்ணு, ரெண்டாவதும் சேத்து ஒண்ணுன்னு மூணா ஓட்டு. பக்கத்துல சாதா லாஜிஸ்டிக் ரிக்ரெஷனையும் (ரொம்ப எளிமையான பழைய மாடல்) வை, பெருசா வித்தியாசம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

ஃபைனல்இயர்_பாவி:
அக்கா ஓட்டிட்டேன், அட்மிஷன் அன்னைக்கு தெரிஞ்சது மட்டும்னா மார்க் நல்லா சறுக்குது, முதல் செம் சேத்ததும் சறுக்கினதுல முக்கால்வாசி திரும்ப ஏறிருது 😅 கைடு கிட்ட எப்படி சொல்றது?

கோடு_கிறுக்கன்:
மூணையும் ஒரே க்ராஃப்ல போட்டு காட்டுங்க ப்ரோ. 90 கேட்டா ஸ்மோட் கதைய சொல்லுங்க.