விற்கிற வீட்டைக் காட்டத் தயார் செய்தபோது: எங்கள் அனுபவங்கள்

சென்னை, மடிப்பாக்கத்திலிருந்து

அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டார். பூட்டிக் கிடந்த தனி வீட்டை விற்கலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீடு அது. 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் மேல்படி வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கிறது, தாழ்வான பகுதி. இங்கே வீடு பார்க்க வருகிறவர் யாரும் இதைக் கேட்காமல் போகமாட்டார்.

புரோக்கர் சொன்ன யோசனை எளிது: "பட்டி பார்த்து ஒரு கோட் பெயின்ட் அடிங்க சார், சாம்பிராணி போடுங்க, போதும்." தம்பிக்கும் அதுவே சரியென்று பட்டது. நான் பிடிவாதமாக மறுத்தேன். ஓதம், அதாவது ஈரம் ஏறிய சுவரில் பூச்சை மாற்றாமல் எமல்ஷன் அடித்தால் கொஞ்ச நாளில் கொப்புளம் விட்டு உப்புப் பூத்துவிடும். நாம் மறைத்தாலும் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் வெள்ளக் கறை அப்படியே இருக்கிறது, தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேட்டாலே எல்லாம் தெரிந்துவிடும். சட்டமும் இருக்கிறது. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதாவது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும், சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்க வருகிற ஒரு குடும்பத்தை ஏமாற்ற எனக்கு மனம் வராது.

பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். மழை ஓய்ந்திருக்கும், சுவர் காயும். கொத்தனார் ஓதம் தெரிந்த மட்டத்துக்கு மேலும் ஓரடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார். செங்கல் தெரியும்படி நன்றாகக் காயவிட்ட பிறகே, நீர்க்கசிவைத் தடுக்கும் கலவை சேர்த்துப் புதுப் பூச்சு. தம்பி அவசரப்பட்டான். கொத்தனாரோ காயாத சுவரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அந்த மனிதரின் பொறுமைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்தோம். மொட்டை மாடியில் விரிசல் விட்ட தட்டோடுகளை மாற்றினோம். வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிடாமல் இருக்க சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி விளிம்பை உயர்த்திக் கட்டினோம்.

பூட்டிய வீட்டைக் காட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாத்ரூம் தரைஜாலிக்குக் கீழே இருக்கும் டிராப்பில் தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடிக்கிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். முதல்நாளே ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலே போதும், ரூம் ஃப்ரெஷ்னர் தேவையில்லை.

பரணை ஒழித்ததுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டி, பாட்டியின் பித்தளைத் தவலை, எங்கள் பள்ளிப் புத்தகங்கள். அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவரை அவசரப்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் நானும் தம்பியும் ஒன்றாக இருந்தோம்.

முதலில் வந்த தம்பதியிடம் தண்ணீர் வந்த மட்டத்தைச் சுவரில் கைவைத்துக் காட்டினேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கிளம்பிவிட்டார்கள். புரோக்கருக்கு என்மேல் கடும் கோபம். அப்புறம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகளோடும் தெரிந்த இன்ஜினியரோடும் வந்தார். இன்ஜினியர் சுவரை நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்டார். நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். "நீங்களே சொல்லிட்டீங்க, இல்லேன்னா நாங்க சந்தேகத்தோடயே இருந்திருப்போம்" என்றார் அந்த மகள். வெள்ளத்தைச் சொல்லி விலையைக் குறைத்துத்தான் வாங்கினார்கள். அது நியாயமான குறைப்பு என்றே நினைக்கிறேன். பங்குனியிலேயே அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். ஆடி வந்திருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மதுரையிலிருந்து

நான் விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. விற்பனைக்கு வந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவள். எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

முன்பு இருந்த வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்களைக் கூட்டி வருவார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும், மாமியார் படுத்திருப்பார், நான்கு பேர் செருப்போடு உள்ளே நுழைந்து பீரோ வைத்திருக்கும் சுவரைத் தட்டுவார்கள். அதற்கடுத்து நாங்கள் குடிபோன வீட்டின் சொந்தக்கார அம்மா அப்படி இல்லை. "ஏம்மா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஒருத்தர் வர்றாரு, ஒனக்குத் தோதுப்படுமா?" என்று முதல்நாளே கேட்பார். பையனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிகிற வரை யாரையும் அழைத்து வரவில்லை. அந்த மரியாதைக்காகவே நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சமையல் மேடையைத் துடைத்து, துணிக்கொடியை அவிழ்த்து வைப்பேன். குடியிருப்பவர் மனம் நோகாமல் இருந்தால் வீடு தானாகப் பளிச்சென்று இருக்கும்.

வந்தவர்களில் ஒருவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு வந்தார். போர் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 1,100 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. "குடிக்க மாநகராட்சித் தண்ணி, மத்ததுக்கு இது. ஷவர்ல உப்புப் படியும், அடிக்கடி கழட்டிக் கழுவணும்" என்று உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்கார அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது அன்றுதான்.

திருச்சியிலிருந்து

சுவரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டை ஆசையாகப் பார்த்தவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே பத்திரத்துக்கு வந்தார்கள்.

கூடத்து மேசையில் ஒரே ஃபைல் வைத்தோம். மூலப்பத்திர நகல், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. நகல்களை வந்தவர் கையில் கொடுத்தனுப்பவில்லை. பத்திர எண்ணையும் சர்வே எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவர்களே பார்த்துக்கொள்ளலாம், அதில் கிடைக்கிற நம்பிக்கை நாம் வாயால் சொல்வதில் கிடைக்காது. முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவர்கள் தனியாகப் போட வேண்டும். பட்ஜெட் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று, அக்கா தங்கைகளின் சம்மதம். என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் சார்பில் இங்கே கையெழுத்துப் போட பவர் பத்திரம் வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். வாங்குபவர் தயாராக இருக்கும்போது இதற்காக அலையக் கூடாது. பெயின்ட் அடிக்க ஆள் தேடுவதற்கு முன்பே அக்காவிடம் பேசி ஆரம்பித்துவிட்டோம். முதல் ஆள் வீடு பார்க்க வந்த அன்று பவர் பத்திரமும் அந்த ஃபைலில் இருந்தது.