காயில்ஓவரைக் கழற்றிட்டு ஷாக்கும் லோயரிங் ஸ்ப்ரிங்கும் போட்டவங்க, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எழுதுங்க

மன்னார்குடி சீடியா

2007 மிட்சுபிஷி சீடியா கார். முன்னாடி வச்சிருந்தவர் மாட்டின காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒண்ணாச் சேர்ந்த, வளையத்தைத் திருகி உயரத்தை மாத்துற செட்டு) நாலும் வெளியே வந்தாச்சு. இப்ப ட்வின் டியூப் (குழலுக்குள்ள குழல்) ஷாக்கு, வண்டியை 30 மி.மீ. இறக்குற லோயரிங் ஸ்ப்ரிங்கு. ஓட்டம் நல்லா இருக்கு. ஆனா நின்ன இடத்துல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா, இடது பக்கம் ஸ்ப்ரிங் முறுக்கிக்கிட்டே போய் ஒரு கட்டத்துல ‘டங்’னு விடுது. போனட்டைத் திறந்து, ஷாக்கோட மேல் முனையை பாடியோட பிடிக்கிற மவுண்ட் மேல கை வச்சா அந்த உதை உள்ளங்கையில தெரியுது. வலது பக்கம் சத்தமே கிடையாது. ஸ்ப்ரிங்கோட கீழ் முனை தட்டுல இருக்கிற பள்ளத்துலதான் உக்காந்திருக்கு, டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு. மவுண்ட் ரெண்டும் பழசு, பேரிங் மட்டும் புதுசு. இந்த ‘டங்’ யாருக்காவது வந்திருக்கா? வேற எங்க மாட்டினாலும் எழுதுங்க.

தஞ்சை லிஃப்ட்

பேரிங்தான், வேற எதுவும் இல்லை. ஸ்ட்ரட் வண்டியில, அதாவது ஷாக்கே சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற அமைப்புல, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்து சுத்தணும். காயில்ஓவர்ல மேல இருக்கிற பில்லோ பால் (உருண்டை மூட்டு) அந்த வேலையைப் பார்த்துக்கும். ஒரிஜினல் அமைப்புல மவுண்டுக்கும் மேல் ஸ்ப்ரிங் தட்டுக்கும் நடுவுல இருக்கிற பேரிங் பார்க்கணும். அது தலைகீழா உக்காந்தாலோ, ஒரு வாஷர் இடம் மாறினாலோ தட்டு மவுண்ட் ரப்பரோட ஒட்டிக்கும். அப்புறம் சுத்த வேண்டிய ஸ்ப்ரிங் முறுக்கிக்கிட்டு நிக்கும், தாங்காதப்போ வழுக்கி விடும். சக்கரத்தைத் தூக்கிட்டு ஒருத்தர் ஸ்டீயரிங் திருப்பட்டும், நீங்க மேல் தட்டைப் பாருங்க. வலதுல சுத்தும், இடதுல சுத்தாது.

இங்க மறக்க முடியாதது ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ. ஷாக்கு நாலு, ஸ்ப்ரிங் நாலு, எல்லாம் பளபளன்னு பெட்டியில வந்திருச்சு. காயில்ஓவரைக் கழற்றி கீழ வச்ச பிறகுதான் தெரிஞ்சது, புது ஷாக்கை வண்டியோட சேர்க்க ஒரு சாமானும் இல்லைன்னு. முன்னாடி மேல் மவுண்ட், பேரிங், மேல் ஸ்ப்ரிங் தட்டு, பம்ப் ஸ்டாப் (ஷாக் ரொம்ப அமுங்கும்போது முட்டித் தாங்குற ரப்பர்), தூசி உறை, ராட் நட்டு எதுவும் கிடையாது. பின்னாடி ஸ்ப்ரிங்குக்கு மேலயும் கீழயும் வர்ற ரப்பர் சீட்டு, ஷாக் மேல் மவுண்ட் அதுவும் கிடையாது. காயில்ஓவர் போட்ட அன்னைக்கே யாரோ இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டிருக்காங்க. நாலு சக்கரமும் இல்லாம லிஃப்ட் மேல தொங்கின அந்த வண்டியைத் தாண்டித்தான் மூணு நாள் மத்த வேலை நடந்தது.

அதனால ஸ்ப்ரிங் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இந்தச் சில்லறைச் சாமானை வாங்குங்க. வண்டி சாயாம பிடிக்கிற குறுக்குக் கம்பியை இணைக்கிற லிங்க் ராடையும் பாருங்க, காயில்ஓவருக்குக் குட்டையா வாங்கி மாட்டியிருப்பாங்க. புது ஷாக்குல பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் பிடிக்கிற காது அதே இடத்துல இருக்கான்னும் பாருங்க. அந்த ஆக்டேவியாவுல மேல் நட்டு 21, நடுவுல ராடைப் பிடிக்க 7 ஆலன் கீ. இம்பேக்ட் கன்னை வச்சு ‘டர்ர்’னு இறுக்கினா நட்டோட ராடும் சேர்ந்து சுத்தும். புது ஷாக்கோட சீல் அங்கேயே போயிரும், ஆயில் கசியுறது ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்ணுக்குத் தெரியும்.

நாகை உப்புக்காத்து

எங்க பக்கம் சத்தமெல்லாம் அப்புறம், முதல்ல கழலணும். வேளாங்கண்ணி ரோட்டுல நாலு வருஷம் ஓடின காயில்ஓவர். இரும்பு உடம்பு, அலுமினிய வளையம். உப்புக்காத்து பட்டா இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னும். மரையே தெரியாம வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பூத்திருந்துச்சு. துரு இளக்குற ஆயில் ரெண்டு நாள் ஊறப்போட்டு, பித்தளைத் துண்டை வச்சுத் தட்டி, கொக்கி ஸ்பேனர் பல்லு உடைஞ்சதுதான் மிச்சம். கடைசியில கிரைண்டர். வளையம் பிளந்த நொடி ஸ்ப்ரிங் ‘பட்’னு ஒரு விரல்கடை எகிறுச்சு. ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஸர் மாட்டியிருந்ததால அதோட நின்னுச்சு.

குடந்தை

@நாகை உப்புக்காத்து ஏன் அண்ணே அந்த வளையத்தைத் தொட்டீங்க? காயில்ஓவர் முழுசா வெளியே போற சாமான். மேல மவுண்ட் நட்டு, கீழ சக்கரத்தைத் தாங்குற நக்கிளோட போல்ட், லிங்க் ராடு. இதைக் கழற்றினா மொத்தமா கையில வந்திரும். ரெண்டு நாள் வீண்.

நாகை உப்புக்காத்து

வித்தா ஸ்ப்ரிங்காவது காசாகுமேன்னு பார்த்தோம். இந்த வண்டி நக்கிள்ல ஸ்ட்ரட்டு போல்ட்டுல நிக்கிற வகை இல்லை, குழலுக்குள்ள சொருகி இறுக்குற வகை. அந்தக் குழலுக்குள்ளேயும் துரு. பிளவுல விரிக்கிற சாவியை வச்சு லேசா திறந்து, நக்கிளைக் கீழ்நோக்கித் தட்டித்தான் இறக்கணும். உளியை அடிச்சுச் சொருகினா பிளவு ஓரம் கீறி அங்கேருந்து விரிசல் ஓடும். கேஸ் விளக்கு வச்சுச் சுடலாம்னு மட்டும் யாரும் யோசனை சொல்லாதீங்க, உள்ள அழுத்தத்துல கேஸ் இருக்கு.

குடந்தை

சரி. ஆனா இவ்வளவு செலவு தேவையா? ஒரிஜினல் ஷாக்கு நல்லா இருந்தா அதுலயே லோயரிங் ஸ்ப்ரிங் போட்டு ஓட்டுறவங்க நிறைய. ஒரிஜினல் ஸ்ப்ரிங்குலயே ஒரு சுத்து வெட்டி ஓட்டுறவங்களும் இருக்காங்க. ஸ்ப்ரிங் ஸ்ப்ரிங்தானே.

தஞ்சை லிஃப்ட்

தம்பி, கணக்கு போட்டுப் பாருங்க. வண்டி தரையில நிக்கும்போது ஷாக் உடம்போட மேல் விளிம்புக்கும் மவுண்டுக்கும் நடுவுல 120 மி.மீ. ராடு தெரியுதுன்னு வைங்க. பம்ப் ஸ்டாப் 60 மி.மீ. நீளம். அப்ப பம்ப் ஸ்டாப்புல முட்டாம அமுங்க மிச்சம் 60. ஸ்ட்ரட்டுல சக்கரம் ஏறுற அளவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு ராடும் உள்ள போகும். 30 மி.மீ. இறக்கினீங்கன்னா மிச்சம் 30தான். ஹைவேயில போதும். நம்ம ஊர்ல போதாது. வாய்க்கால் பாலம் உறுதியா நிக்கும், ரெண்டு பக்கமும் களிமண்ணுல போட்ட ரோடு இறங்கிக்கிட்டே போகும். 60 கி.மீ. வேகத்துல அந்தப் பள்ளத்துல இறங்கிப் பாலத்து விளிம்புல ஏறுனா 30 மி.மீ. எந்த மூலைக்கு? அதுக்கு மேல நீங்க ஓட்டுறது ஸ்ப்ரிங் மேல இல்லை, ரப்பர் மேல.

சந்தேகம்னா தூசி உறையைத் தூக்கிட்டு ராடுல ஒரு கேபிள் டையைக் கட்டி, சீல் வரைக்கும் கீழ தள்ளி விடுங்க. தஞ்சாவூர்லேருந்து திருவையாறு போங்க. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி, அஞ்சு பாலம். திரும்பி வந்து பாருங்க. கேபிள் டை பம்ப் ஸ்டாப்புக்குள்ள புதைஞ்சிருந்தா விடை கிடைச்சாச்சு.

குட்டை ஷாக்கு எதுக்குன்னா, ஒரிஜினல் ஷாக்கு இறக்கின உயரத்துல எப்பவும் கீழ் பாதியிலேயே வேலை செய்யும். அதோட சக்கரம் முழுசா தொங்கும்போது குட்டை ஸ்ப்ரிங் தளர்ந்து பள்ளத்தை விட்டு நகரலாம். பில்ஸ்டீன்ல பி6 ஒரிஜினல் உயரத்துக்கு, பி8 இறக்கின ஸ்ப்ரிங்குக்குன்னே குட்டையாக்கினது. எந்தக் கம்பெனியானாலும் இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்க. பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்டணும்னு ஸ்ப்ரிங் பெட்டியில தாள் இருந்தா அதன்படி செய்யுங்க. தாள் இல்லைன்னா கூம்பு முனையில கை வைக்காதீங்க, முதல்ல மெதுவா தாங்குறது அந்த முனைதான்.

ஸ்ப்ரிங் வெட்டுறதைப் பத்தி. ஆறு சுத்து வேலை செய்யுற ஸ்ப்ரிங்குல ஒண்ணை வெட்டினா மிச்சம் அஞ்சு, விறைப்பு 20 சதவீதம் கூடும். அது கூடப் பரவாயில்லை. வெட்டின முனை தட்டுல உக்காராது. வெல்டிங் டார்ச்சால வெட்டினா அந்த இடத்துல கம்பியோட பதம் போயிரும், பின்னாடி அங்கதான் முறியும். நல்ல லோயரிங் ஸ்ப்ரிங்குல விறைப்பைக் கூட்ட கம்பியையே தடிமனாக்குவாங்க. மத்ததெல்லாம் ஒண்ணா இருந்தா 12 மி.மீ. கம்பி 13 ஆனா விறைப்பு 38 சதவீதம் கூடும், தடிமனோட நாலாம் அடுக்குல போற கணக்கு அது. ‘ஸ்ப்ரிங் ஸ்ப்ரிங்தானே’ன்னா கம்பிக்கடைக்காரர்கூட ஒத்துக்க மாட்டார்.

குடந்தை

சரி சரி. வெட்டுற யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஷாக்கு விஷயத்துல இல்லை. 15 மி.மீ. மட்டும் இறக்கினா உங்க கணக்குப்படியே 45 மிச்சம்.

தஞ்சை லிஃப்ட்

15 மி.மீ.க்கு ஒத்துக்கிறேன். ஷாக்கு 80,000 கி.மீ. ஓடாததா இருக்கணும்.

திருவையாறு

உயரம்னு பேச்சு வந்ததால இது. 40 மி.மீ. இறக்கின வண்டி, அறுவடை நேரம், ரோடு பூரா வைக்கோல். மத்த வண்டியெல்லாம் மேல ஏறிப் போயிருச்சு, இது வைக்கோலை அரிச்சுக்கிட்டே வந்துச்சு. டீக்கடையில நிறுத்தினதும் கரும்பாலை கொட்டகை வாசனை. குனிஞ்சு பார்த்தா, புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அதோட தகட்டுக்கும் நடுவுல திணிச்சு வச்ச மாதிரி வைக்கோல், ஓரத்துல சிவப்பா ஒரு கோடு கனிஞ்சுக்கிட்டிருந்துச்சு. கடைக்காரர் கிளாஸ் கழுவுற வாளித் தண்ணியை ஊத்தினார். சூடான கன்வெர்ட்டர்ல தண்ணி பட்டா உள்ள இருக்கிற பீங்கான் வெடிக்கும்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னார். வண்டி எரியுறதுக்கு அது தேவலை. டிரைவ் ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை) மேலயும் சுத்தியிருந்துச்சு, அதை வெட்டித்தான் எடுக்கணும், இழுத்தா பூட் கிழியும்.

சிங்கப்பூர் - திருத்துறைப்பூண்டி

இங்கே முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1989லேருந்து 97 வரைக்கும் வந்தது. நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம் சக்கரத்தைப் பிடிக்கும்), அதனால மன்னார்குடிக்காரருக்கு வந்த ‘டங்’ இதுல வர வழியில்லை. ஸ்டீயரிங் திருப்பினா ஷாக்கு சுத்தாது, பேரிங்கும் கிடையாது. இதுல வேற தொல்லை.

காயில்ஓவர் போய் ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் மாட்டின வண்டி, ஸ்ப்ரிங் சொன்ன அளவுக்கு இறங்கவே இல்லை. சக்கர நடுவுலேருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்தா 12 மி.மீ. அதிகம். ‘ஓடினா படியும்’னு விட்டு 500 கி.மீ. போச்சு, அப்பவும் அதே 12. காரணம், ஆர்ம் போல்ட்டையெல்லாம் சக்கரம் காத்துல தொங்கும்போதே முழு முறுக்கத்துக்கு இறுக்கியிருக்காங்க. ஆர்ம் மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ்ஷு அந்த நிலையில பூட்டிக்கிச்சு, வண்டி இறங்கும்போது முறுக்கிக்கிட்டு எதிர்த்துத் தள்ளுது. தரையில நிறுத்தி உள்பக்க போல்ட்டைத் தளர்த்தின நொடியில ஃபெண்டர் டயரை நோக்கிக் கண்ணெதிரே இறங்குச்சு, பெருமூச்சு விட்ட மாதிரி. பின்பக்க புஷ்ஷு ரெண்டு அதுக்குள்ள கிழிஞ்சிருந்துச்சு.

சரியான முறை: தொங்கும்போது போல்ட்டைக் கையால மட்டும் விடுங்க. சக்கரத்தை மாட்டி, நாலு சக்கரத்துக்கும் கீழ ஒரே உயரத்துக்குப் பலகை அடுக்கி அதுல இறக்குங்க. முன்னும் பின்னும் ஒரு முழம் தள்ளி, பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் இறுக்குங்க. ஓட்டுறவர் எடையும் வேணும். ஊர்ல இருந்தா கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் ரெண்டை டிரைவர் சீட்டுல வைங்க. உயரத்தைத் தரையிலேருந்து அளக்காதீங்க, டயர் காத்து மாறினா கணக்கு மாறும். சக்கர நடுவுலேருந்துதான் அளக்கணும்.

இந்த வண்டிக்கு இன்னொண்ணு. 1998லேருந்து வந்த ரெண்டாம் தலைமுறையோட மேல் மவுண்ட் இதுல உக்காரும், அமுங்குற தூரமும் கொஞ்சம் கூடும். வாங்கப்போற ஷாக்குக்குப் பொருந்துமான்னு முதல்ல கேட்டுக்குங்க.

திருவாரூர்

கேட்காமலே ஒரு யோசனை. ட்வின் டியூப் ஷாக்கு கடையில படுத்தே கிடக்கும், உள்ள காத்து இடம் மாறியிருக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுங்க, நடுவுல படுக்க வைக்காதீங்க. முதல் ரெண்டு இழுப்புல நடுவுல வெத்தா ஒரு இடம் தட்டும், அப்புறம் மறையும். மறையலைன்னா ஷாக்கைத் திருப்பிக் கொடுத்திருங்க. அலைன்மென்ட் அன்னைக்கே பாருங்க, 500 கி.மீ.க்கு அப்புறம் இன்னொரு தடவை. இறக்கினா முன்சக்கரத்து மேல்பக்கம் உள்ளே சாயும் (அதுதான் கேம்பர்), டோ, அதாவது சக்கரம் நேரா இல்லாம உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற கோணம், மாறும். டயரோட உள் ஓரத்தை முதல்ல தின்னுறது டோதான், கேம்பர் மேல பழி போடாதீங்க. ஸ்ட்ரட்டுல ரெண்டு நக்கிள் போல்ட் இருந்தா மேல் போல்ட்டுக்கு முட்டை வடிவக் கேம்பர் போல்ட் கிடைக்குது. ஹெட்லைட்டையும் சரி பண்ணுங்க.

மன்னார்குடி சீடியா

இடது மவுண்டைக் கழற்றியாச்சு. பேரிங் நேராத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ காயில்ஓவரோட வாஷர் ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, 2 மி.மீ. தடிமன், கறுப்பு, கிரீஸ்ல கண்ணுக்கே தெரியலை. அது மேல் தட்டைத் தூக்கி மவுண்டோட உரசிக்கிட்டிருக்கு, தட்டு ஓரம் பளபளன்னு தேய்ஞ்சு கிடக்கு. வாஷரை எடுத்தாச்சு, நட்டு புதுசு. ராடை ஆலன் கீயில பிடிச்சுக் கையாலதான் இறுக்கினது. இப்ப ‘டங்’ இல்லை.

கேபிள் டையும் கட்டியாச்சு. மன்னார்குடியிலேருந்து நீடாமங்கலம் வரைக்கும்தான் போனது. பம்ப் ஸ்டாப்புக்கு 4 மி.மீ. கீழ நிக்குது, ஆளு ஒருத்தர்தான். நாலு பேர் ஏறினா என்ன ஆகும்னு நாளைக்குப் பார்க்கணும். @தஞ்சை லிஃப்ட், ஸ்ப்ரிங் தாள்ல பம்ப் ஸ்டாப் பத்தி ஒரு வரியும் இல்லை. மேல் முனை தட்டையாத்தான் இருக்கு, ரெண்டாவது வளையக் குழியில வெட்டலாமா?

தஞ்சை லிஃப்ட்

நாலு பேர் ஏத்திப் பார்த்துட்டு வெட்டுங்க. வெட்டினா ஒரு வளையம் மட்டும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு.