பஸ் உரிமையாளர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் பதிவது எப்படி? (திருகோணமலை)

மூதூர்_ஓட்டம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். திருகோணமலை டவுனிலிருந்து கிண்ணியா, மூதூர் பக்கம் ஓடும் தனியார் பஸ் உரிமையாளர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதியலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அனேகமானவர்களிடம் ஒரு பஸ்தான், அதுவும் லீசிங்கில். ஒருவரிடம் மட்டும் நாலு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைக்கு (வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவைக்கு) காத்துக் கிடக்கிற வேலை போய்விட்டது, ஆனால் அதற்குப் பிறகு ஆட்களும் மெல்ல மெல்ல மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள், மிச்சமிருக்கிற பயணிகளுக்காக முன்னால் போகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. டயர், சேர்விஸ் எல்லாம் ஆளாளுக்குத் தனித்தனி.

இப்போது இருக்கிற சங்கம் பெயருக்குத்தான். ஒரு சீலும் ரசீதுப் புத்தகமும். அதன் பெயரில் வங்கியில் கடன் கேட்கப் போனால் சிரிப்பார்கள்.

எங்கே போக வேண்டும், எத்தனை பேர் வேண்டும்? கூட்டுறவாகப் பதிந்தால் ரூட் பெர்மிட்டும் சேர்ந்தே கிடைக்குமா? பிலிப்பைன்ஸில் அரசாங்கமே வண்டிக்காரரைக் கூட்டுறவில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதாம், இங்கேயும் அப்படி ஏதாவது உண்டா? நாலு பஸ் வைத்திருப்பவர் "எனக்கு நாலு வாக்கா?" என்று இப்போதே கேட்கிறார்.

---

ஓய்வுக்_கணக்கர்:

தம்பி, நான் கூட்டுறவுப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், பெர்மிட் கதையை ரூட்டில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

அடிப்படைச் சட்டம் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். பஸ்காரருக்கென்று தனிச் சட்டம் தேடி அலைய வேண்டாம், மீனவர் சங்கமும் சிக்கன கடனுதவுச் சங்கமும் பலநோக்குச் சங்கமும் பதிகிற அதே வழிதான். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பதிவது, மேற்பார்வை செய்வது, கணக்காய்வது எல்லாம் மாகாணத்தின் கையில். ஆகவே கொழும்புக்குப் போக வேண்டாம். கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைப் பிடியுங்கள். விண்ணப்பம் நிரப்ப முன்னர் அவரைச் சந்திப்பதுதான் புத்தி, ஏனென்றால் அவருடைய அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது.

குறைந்தது பத்துப் பேர் வேண்டும். பத்து பஸ் இல்லை, பத்து ஆள். அடுத்தது பலர் கவனிக்காத விஷயம்: உறுப்பினர் சங்கத்தின் செயற்பாட்டுப் பிரதேசத்துக்குள் வசிப்பவராகவோ அங்கே காணி வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். உங்களில் ஒருவர் தோப்பூர், இன்னொருவர் தம்பலகாமம், மற்றவர் உவர்மலை என்றால் "மூதூர் பிரதேச செயலகப் பிரிவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

உபவிதியில்தான், அதாவது சங்கம் தனக்கென்று எழுதிவைக்கும் விதிகளில்தான், உயிர் இருக்கிறது. வேறு சங்கத்தின் உபவிதியைப் போட்டோகொப்பி எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அப்படிச் செய்தால் பஸ் ஓடாத நாளில் யார் சந்தா கட்டுவது, பஸ்ஸை விற்றவர் உறுப்பினராக இருக்கலாமா, நேர அட்டவணையை மீறினால் என்ன தண்டம், விலகுபவருக்குப் பங்குப் பணம் எப்போது திரும்பும், இதற்கெல்லாம் பதில் இருக்காது. பிறகு டீக்கடையில் சண்டை. பதிந்த சங்கத்தில் உறுப்பினர்களுக்கிடையே சங்க அலுவல் பற்றிப் பிணக்கு வந்தால் பதிவாளரிடம் கொண்டுபோய் மத்தியஸ்தம் கேட்கலாம், அது பெரிய வசதி, ஆனால் மத்தியஸ்தர் முதலில் புரட்டிப் பார்ப்பதும் உபவிதியைத்தான்.

பதிந்தவுடன் சங்கம் சட்டப்படி ஓர் ஆள் மாதிரி. அதன் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குப் போடலாம், மற்றவர்களும் உங்கள் மேல் போடலாம். வருடாவருடம் கணக்காய்வு உண்டு. நாலு பஸ்காரருக்குச் சொல்லுங்கள்: ஒருவருக்கு ஒரு வாக்கு. அதில் பேரம் கிடையாது.

---

ரைம்கீப்பர்_திருமலை:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் கேட்டவர் மனதில் இருப்பது பெர்மிட். நேராகச் சொல்கிறேன், கூட்டுறவுப் பதிவுச் சான்றிதழ் ரூட் பெர்மிட் ஆகாது. இரண்டும் வேறு வேறு கதவு, ஒரு கதவைத் திறந்தால் மற்றது தானாகத் திறக்காது.

திருகோணமலை–மூதூர், திருகோணமலை–மட்டக்களப்பு, திருகோணமலை–புல்மோட்டை எல்லாம் கிழக்கு மாகாணத்துக்குள், ஆகவே மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாண எல்லையைத் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. கொழும்புக்குப் போகிற 49ஆம் இலக்க ரூட் அதற்குள் வரும். அனுராதபுரம், வவுனியா, யாழ்ப்பாணமும் அப்படித்தான். புல்மோட்டையோடு திரும்பினால் ஓர் அலுவலகம், அங்கிருந்து வட மாகாணத்தின் கொக்கிளாய்க்குள் சக்கரம் உருண்டால் இன்னோர் அலுவலகம். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்த காலத்தில் இந்த எல்லை இல்லை, 2007 தொடக்கத்தில் பிரிந்தது. இப்போதும் பழைய ஆட்கள் சிலர் ஒரே மாகாணம் என்ற நினைப்பில்தான் ரூட் கேட்பார்கள்.

உங்கள் பெர்மிட்டுகள் தனித்தனி ஆட்களின் பெயரில் இருக்கும். அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற முடியுமா, என்ன நிபந்தனை என்பதை அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னதை நம்பி ஒருவரும் பஸ்ஸை எழுதிக் கொடுக்காதீர்கள்.

---

நாலு_சக்கரம்:

இவ்வளவு தலையிடி எதற்கு? கம்பனியாகப் பதியுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் தனியார் கம்பனிக்கு ஒரே ஒரு பங்குதாரர் போதும், ஐம்பது வரை போகலாம். நாலு பஸ் போட்டவருக்கு நாலு பங்கு, அதற்கேற்ற வாக்கு. காசு போட்டவனுக்குச் சொல் அதிகம் இருப்பது நியாயம்தானே? கூட்டுறவு என்றால் பிறகு அரசியல்வாதி வந்து தலைவர் கதிரையில் உட்காருவார், எத்தனை சங்கத்தில் பார்த்தோம்.

---

ஓய்வுக்_கணக்கர்:

கம்பனி தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடம் நாலு இருந்தால், இன்னும் இரண்டு பேரின் பங்கை அவர் வாங்கியதும் மற்றவர்கள் அவருக்குக் கீழே சாரதிதான். அது விருப்பமா என்று அந்த ஒற்றை பஸ்காரரிடம் கேளுங்கள். அரசியல்வாதி கதிரைக்கு வருவது பற்றி, அது உண்மை, மறுக்கவில்லை. பொதுக்கூட்டத்துக்கு உறுப்பினர் வராத சங்கத்தில்தான் அது சுலபமாக நடக்கும்.

இப்போது இருக்கிற சங்கம் எதில் பதிந்தது என்றும் பாருங்கள். தொழிற்சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும், அது 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கட்டணம் பற்றியும் பெர்மிட் பற்றியும் குரல் கொடுக்க நல்லது. டயர் வாங்கி விற்கவும் கராஜ் நடத்தவும் அது சரிவராது.

---

மூதூர்_ஓட்டம்:

நன்றி அண்ணன்மார். எங்கள் சங்கம் எதிலும் பதியவில்லை என்றுதான் நினைக்கிறேன், செயலாளரைக் கேட்டால் ஃபைல் வீட்டில் இருக்கிறது என்கிறார். நாலு பஸ் காக்காவுக்கு வாக்கு விஷயத்தைச் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது, ஆனால் விலகவில்லை. பிலிப்பைன்ஸ் கதை யாருக்காவது தெரியுமா?

---

கடல்தாண்டி:

நான் வெளிநாட்டில் இருக்கிறேன், ஊர் சாம்பல்தீவு. கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் ஆட்கள் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை, அதனால் தேடி வாசித்தேன்.

அங்கே ஜீப்னி என்ற வண்டிகள், பெரும்பாலும் ஒருவருக்கு ஒன்று இரண்டு. 2017இல் போக்குவரத்துத் திணைக்களம் நவீனமயமாக்கல் திட்டம் கொண்டுவந்தது. தனியாள் பெர்மிட் இனி இல்லை, கூட்டுறவாகவோ கம்பனியாகவோ சேர்ந்து ஒரே அனுமதியின் கீழ் வாருங்கள் என்றார்கள். கூட்டுறவுக்கு அங்கே குறைந்தது 15 பேர், கூட்டுறவு அதிகாரசபையில் பதிந்த பிறகு போக்குவரத்துக் கூட்டுறவுகளுக்கென்றே இருக்கிற இன்னோர் அலுவலகத்திலும் அங்கீகாரம் எடுக்க வேண்டும். அந்த அங்கீகாரம் அனுமதியோடு கோர்க்கப்பட்டிருக்கிறது, ரைம்கீப்பர் அண்ணன் சொன்ன இரண்டு கதவையும் அங்கே ஒன்றாக்கிவிட்டார்கள். 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள், கடைசி நாளை 2023 டிசம்பர் 31 வரை தள்ளினார்கள், பிறகு 2024 ஏப்ரல் 30 வரை.

ஆட்களுக்குக் கூட்டுறவு என்ற எண்ணத்தில் பெரிய கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தன் பெயரில் இருந்த அனுமதி போய்விடுகிறது, புது வண்டி வாங்க இருபது இலட்சம் பெசோவுக்கும் மேலே கடன், அதுதான் வயிற்றில் அடித்தது. நீங்கள் விரும்பிச் சேருகிறீர்கள், அது வேறு.

---

ரைம்கீப்பர்_திருமலை:

அதனால்தான் சொல்கிறேன், முதல் நாளே பஸ்ஸையும் பெர்மிட்டையும் சங்கத்துக்கு எழுதப் போகாதீர்கள். லீசிங் பஸ் என்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதிக் கம்பனி, அவர்கள் சம்மதமில்லாமல் நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது. பஸ் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும், சங்கம் டயர், ஒயில், கராஜ், காப்புறுதி, நேர அட்டவணை இவற்றைப் பார்க்கட்டும்.

துரத்தி ஓடுவது நிற்க வேண்டுமென்றால் மட்டும் வருமானத்தை ஒரே பெட்டியில் போட்டு ஓடிய தூரத்துக்குப் பிரிக்க வேண்டும், அதற்குக் கொண்டக்டர் மேல் நம்பிக்கையோ டிக்கெட் மெஷினோ வேண்டும், இரண்டில் மெஷின் மலிவு. சாரதியும் கொண்டக்டரும் சங்கத்தின் ஊழியராகிவிட்டால் ஊழியர் சேமலாப நிதிக்குச் சங்கம் 12 வீதம் கட்ட வேண்டும், அவர்கள் பங்கு 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் சங்கம் இன்னும் 3. இதைக் கணக்கில் போடாமல் இலாபம் பிரிக்க உட்காராதீர்கள்.

செயலாளர் வீட்டு ஃபைலை முதலில் வாங்குங்கள்.