தீபாவளிச் சீட்டும் போன் ரம்மியும் ஒன்றா?

வெண்ணாற்றங்கரை:
எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். தீபாவளி ராத்திரி திண்ணையில் ரம்மி ஆடுவது தாத்தா காலத்துப் பழக்கம். பாயிண்டுக்குப் பத்து பைசா. ஃபுல் கவுண்ட், அதாவது எண்பது பாயிண்ட் வாங்கினால் எட்டு ரூபாய். விடிய விடிய தோற்றாலும் நூறு, நூற்றைம்பதோடு போச்சு. இந்த வருடம் தங்கை மகன், "மாமா, இதுவும் சூதுதான்" என்று எழுந்து போய்விட்டான். சாவு வீட்டில் ராத்திரி முழித்திருக்கக்கூட சீட்டுக்கட்டைத்தானே எடுக்கிறோம்? அதையும் போன் ரம்மியையும் ஒன்றாகப் பேசுவது நியாயமா?

குடவாசல் மருமகள்:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் திண்ணையில் கற்றுக்கொண்ட ஆட்டம்தான் போனுக்குப் போனது. 2024 மாசியில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியது. நாலாம் நாள் பார்த்தால் 600 ரூபாய் மிச்சம். தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று ராத்திரி வயலுக்குப் போவார். ஒருநாள் பின்னாலேயே போனேன். மோட்டார் ஓடவில்லை. பம்புசெட் கொட்டகைக்குள் போன் வெளிச்சம் மட்டும். அப்புறம் ஒருநாள் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் நகைக்கடன் ரசீது, நனைந்து கூழாகி. என் ஆரம்.

வெண்ணாற்றங்கரை:
தங்கச்சி, படித்ததும் மனசு கனத்துப் போச்சு. ஆனாலும் பழியைத் திண்ணைமேல் போடாதே. எதிரே உட்கார்ந்திருப்பவன் என் பங்காளி. என் பையில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். "போதும்டா, எழுந்திரு" என்பான். விளக்கை அணைத்தால் ஆட்டம் முடிந்தது. கொட்டகைக்குள் உன் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல யார் இருந்தார்கள்?

கொரடாச்சேரி வாத்தியார்:
ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வழக்காடின. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசின் தடையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விடுவித்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை என்று மத்திய சட்டம் வந்தது 2025 ஆகஸ்டில்தான்.

ஆனால் அந்தத் 'திறமை'தான் ஆளைக் கவிழ்க்கிறது என்பேன். லாட்டரியில் தோற்றவன் நேரம் சரியில்லை என்பான். ரம்மியில் தோற்றவன், அடுத்த கை பார்த்து ஆடினால் மீட்டுவிடலாம் என்று நம்புகிறான். விட்டதைப் பிடிக்கப் போகிறானே, அங்கேதான் விளையாட்டு நோயாகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். லாட்டரிக்கு 2003-லேயே தடை. மூணு நம்பர் எழுதும் திருட்டு லாட்டரி நின்றுவிட்டதா?

குடவாசல் மருமகள்:
நோய் என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது, சார். அதுவரை திட்டிக்கொண்டே இருந்தேன். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நான்தான் முதலில் பேசினேன், அதற்குக் கட்டணம் இல்லை. இப்போது மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

அண்ணா, உங்கள் பங்காளி நல்லவர். எங்கள் மாமனார் திண்ணைச் சீட்டில் உழவு மாட்டையே வைத்துத் தோற்றவர். எதிரே இருந்தவர்களும் பங்காளிகள்தான். ஒருவர்கூட எழுந்திரு என்று சொல்லவில்லை. ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை காசை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். அப்போதும் விடிய விடிய எல்லாரும் உட்கார்ந்தால் அது விளையாட்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
பத்து பைசா இல்லாமல் ஆட்டம் ருசிக்காது என்றுதான் எழுத வந்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. பொங்கலுக்குப் புளியங்கொட்டை வைக்கிறேன். எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று இங்கேயே வந்து சொல்கிறேன்.