ஹோமோபோபியா: ஆசிரியர் கையேட்டில் என்ன சொல் போடுவது?

எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கைப் பள்ளிக்கூடங்களுக்கான எங்கள் கையேடு அச்சுக்குப் போகுமுன் ஹோமோபோபியாவுக்கு, அதாவது தன் பாலினரையே விரும்புகிறவர்களை இழிவாகப் பார்ப்பதற்கு, ஒரு தமிழ்ச் சொல்லை முடிக்க வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஃபோபியாவுக்கு வெருளி என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். தன்பாலீர்ப்பு வெருளி என்று ஒட்டிவிடலாமே?

கோவை நண்பருக்கு: ஒட்டலாம், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒட்டாது. இங்கே வெருளி என்றால் தோட்டத்தில் நிற்கிற வைக்கோல் பொம்மை, புது வீடு கட்டினால் கண்ணூறு படாமல் கட்டித் தொங்கவிடுவதும் அதுதான். கரும்பலகையில் எழுதினால் முன்வாங்குப் பிள்ளை அதைக் கத்தரித் தோட்டத்துக்குள்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

சரி, அச்சம், வெருட்சி? இதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. ஜோர்ஜ் வைன்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஹோமோபோபியா என்ற சொல்லை உண்டாக்கி, 1972 இல் புத்தகமாக விரித்து எழுதியபோது, அந்நாட்டு உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பு இன்னும் இருந்தது, 1973 இல்தான் எடுத்தார்கள். நோய் அவனுக்கில்லை, அவனைக் கண்டு முகம் சுளிக்கிற உனக்குத்தான் என்று மருத்துவ மொழியிலேயே திருப்பிக் கொடுத்தார் மனிதர். அந்த நேரத்துக்கு அது நல்ல அடி. எங்கள் வகுப்பறையில் அந்தச் சண்டையின் முன்கதை யாருக்குத் தெரியும்? வெருட்சி என்று எழுதினால் பெடியனுக்கு அடித்தவன் “எனக்கு வெருட்சி சேர்” என்று மெடிக்கல் நீட்டுவான். வெறுப்பு என்று எழுதினால் அவனிடம் ஏன் என்று கேட்கலாம். என்னுடைய வாக்கு வெறுப்புக்கு. காழ்ப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார், நல்ல தமிழ்தான், ஆனால் பத்திரிகை ஆசிரியர் தலையங்கத்துக்கு வெளியே அதை யார் பேசுகிறார்கள்?

சொல்லின் முதற்பாதிக்கு, ஹோமோவுக்கு, வருவோம். பத்திரிகைகளில் ஓரினச்சேர்க்கை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இந்த நாட்டில் இனம் என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. இனப்பிரச்சினை, இனக்கலவரம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஓரினம் என்றால் தமிழரும் தமிழரும். அப்படிப் பார்த்தால் எங்கள் கலியாணத் தரகர்கள் காலங்காலமாக நடத்துவது ஓரினச்சேர்க்கைதான்.

சேர்க்கை அதைவிட மோசம். தன்பாலினருக்கிடையிலான உறவைக் குற்றமாக்குகிற, 1883 ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் செயலைத்தான் பேசுகின்றன, 1995 திருத்தத்தில் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பதினாலு வயதுப் பிள்ளை மனதுக்குள் யாரையோ விரும்புவதற்குச் சேர்க்கை என்று பெயர் வைத்தால், ஒன்றுமே செய்யாத பிள்ளையை நாங்களே கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பிரிவுக்குக் கீழ் இருத்துகிறோம். பள்ளிக்கூட அதிபரும் “சட்டவிரோதம், பள்ளிக்கூடத்துக்குள் வேண்டாம்” என்று கோப்பை மூடிவிடுவார். (அந்தப் பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 இல் இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னதைக் கையேட்டின் தொடக்கத்திலேயே போட்டிருக்கிறோம். அதிபர்கள் முதலில் கேட்பது அதுதான்.)

ஆகவே ஈர்ப்பு. பௌதிகம் படிப்பிக்கிறவர்கள் நியூற்றனைக் கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். தன்பால் என்பது சந்தியில் தற்பால் ஆகவேண்டும், தற்பெருமை போல, என்று ஐயா ஒருவர் திருத்தியிருந்தார். இலக்கணப்படி சரி. ஆனால் தமிழ்நாட்டில் தன்பாலீர்ப்பு ஊன்றிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து அங்குள்ள அரசு 2022 இல் இந்தத் துறைக்கென்று ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது, எங்களுக்கு அப்படி ஒன்று எப்போது வருமோ. இரண்டு கரையிலும் ஒரே சொல் இருந்தால் இரவில் போர்வைக்குள் போனை வைத்துத் தேடுகிற பிள்ளைக்கு ஏதாவது அகப்படும்.

> நீளம் அதிகம். தன்பால் வெறுப்பு, ஒருபால் வெறுப்பு என்று சுருக்கினால்?

ஐயோ, வேண்டாம். தன்பால் வெறுப்பு என்றால் தன்னையே வெறுப்பது. ஒருபால் வெறுப்பு என்றால் ஆம்பிளைகளைக் கண்டால் ஆகாது, அல்லது பொம்பிளைகளைக் கண்டால் ஆகாது. நீளமாக இருந்தாலும் தன்பாலீர்ப்பு வெறுப்பு என்றே இருக்கட்டும்.

பதில்:

தம்பி, நீர் எழுதினதில் பாதிக்கு நான் ஒத்துவாறேன், மிச்சத்துக்கு மாட்டேன். இருபது வருசத்துக்கு மேலாகப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் பெடியளுக்கும் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். இடாப்புக் கூப்பிடும்போது எட்டு வரைக்கும் வகுப்பு அமைதியாக இருக்கும். ஒன்பதாம் இலக்கம் வந்ததும் பின்வாங்கில் ஒரு செருமல், பிறகு ஒரு சிரிப்பு. அந்த இலக்கத்துக்குரிய பெடியன் “வந்தேன்” என்று வாயைத் திறக்காமல் கையை மட்டும் அரைவாசிக்கு உயர்த்துவான். அந்தப் பெடியனுக்கு யார்மேல் ஈர்ப்பு என்று சிரிக்கிற ஒருவனுக்கும் தெரியாது, அவனுக்கே தெரியுமோ தெரியாது. குரல் மெல்லிசு, கிரிக்கெட் பிடிக்காது, அவ்வளவுதான். தலைமயிரைக் கட்டையாக வெட்டின பிள்ளைக்கும் இதே கதை. இதற்குத் தன்பாலீர்ப்பு வெறுப்பு என்று நீர் பெயர் வைத்தால், “சேர், நான் அப்பிடி இல்லை” என்று முதலில் மறுக்க வேண்டியவன் அடிவாங்கின பிள்ளைதான்.

பயம் இல்லை என்றும் சொல்லாதையும். சிரிக்கிறவர்களில் கனபேர் அடுத்தது தன்னைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

பதில்:

ரீச்சர், ஈர்ப்புப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க முடியவில்லை. யுனெஸ்கோ 2012 இல் பள்ளிக்கூடங்களுக்கென்று வெளியிட்ட ஹோமோபோபியா பற்றிய கைநூலும், நடை உடை பேச்சு வித்தியாசமாக இருக்கிற எந்தப் பிள்ளையும் இதற்குள் அகப்படும் என்றுதான் சொல்கிறது, ஆங்கிலச் சொல்லும் அந்த இடத்தில் நொண்டித்தான் நடக்கிறது. அப்போ ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்காமல் பிரிப்போம்.

சமூகத்தில், வீட்டில், சட்டத்தில் இருப்பதற்குத் தன்பாலீர்ப்பு வெறுப்பு. வகுப்பில் நடப்பதற்குப் பால்நிலைப் பகிடிவதை, பால்நிலை என்றால் ஜெண்டர். பகிடிவதை எங்களுடைய சொல், தமிழ்நாட்டில் பெரும்பாலும் ராகிங் என்றே விட்டுவிட்டார்கள். பகிடி என்று சொல்லித் தப்பப் பார்த்தவர்களை வதை என்று அதே சொல்லுக்குள் வைத்துப் பிடித்தவர் யாரோ, அவருக்குச் சிலை வைக்கலாம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் பல்கலைக்கழகங்களில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு கதை. ஆனால் “சும்மா பகிடிக்கு, சேர்” என்கிற சாட்டு அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்காது. பால்நிலை ஏற்கனவே இங்கே எல்லாச் சுற்றுநிருபத்திலும் இருக்கிறது, அதிபர் புருவம் உயர்த்தமாட்டார்.

பகிடிவதை கம்பஸ் சீனியர்களுடைய வேலை, பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாது என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். சட்டமும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு அப்பாலான நிறுவனங்களைத்தான் சொல்கிறது, ஆனாலும் சொல்லைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வோம்.

பயத்தைக் கையேட்டில் மூன்றாம் பாடமாக வைக்கிறேன், சிரிக்கிறவன் ஏன் சிரிக்கிறான் என்று. அதை நீங்களே எழுதித் தாருங்கள். தலைப்புச் சொல்லில் மட்டும் பயம் வேண்டாம், அதில் நான் இறங்கிவரமாட்டேன்.

தன்னைத்தானே வெறுக்கப் பழகிவிட்ட பிள்ளையின் நிலைக்கு இன்னும் சொல் இல்லை. அகவெறுப்பு என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வடமராட்சியில் படிப்பிக்கிறவர்கள் இந்த மூன்றையும் வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று வெள்ளிக்கு முன் எழுதுங்கள். மே 17 க்குள் அச்சகக்காரருக்குக் கொடுக்க வேண்டும்.