மறு: முன்னாயத்தம், தயார்நிலை, அவசரநிலை: பொது சுகாதாரக் கையேட்டுக்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். பொது சுகாதாரக் கையேட்டுக்காக நண்பர் ஒருவர் தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தார். அவற்றில் ‘எமர்ஜென்சி பிரிப்பேர்ட்னெஸ்’ என்பதற்கு இந்த இழையில் தயார்நிலை, ஆயத்தநிலை, எதிர்கொள்திறன் என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. நான்காவதாக முன்னாயத்தம் என்பதை முன்வைக்கிறேன். இதை நான் புதிதாக ஆக்கவில்லை. ‘அனர்த்த முன்னாயத்தம்’ என்று இலங்கைத் தமிழர்கள் பல காலமாக எழுதியும் பேசியும் வருகிறார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் நம் மொழியிலேயே பழகிய சொல் இருக்கும்போது நாம் புதிதாக ஒன்றைச் செதுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சொல்லுக்கு வாதாடும் முன், பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். முதலில் கேட்ட நண்பருக்கு வேண்டியது, ஒரு நாடு கொள்ளைநோய் போன்ற நெருக்கடிகளைச் சமாளிக்க எவ்வளவு தயாராக இருக்கிறது என்று அளக்கும் முறைக்கான சொற்கள். இதன் வேர் 2005இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகள். 2007 ஜூன் 15இல் நடைமுறைக்கு வந்தன. 196 நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின்படி ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் தன் நிலையைத் தானே மதிப்பிட்டு அறிக்கை அனுப்பியாக வேண்டும். இதைத் தன்மதிப்பீடு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

சிக்கல் அடுத்ததில்தான். 2016இல் ‘ஜாயின்ட் எக்ஸ்டர்னல் எவால்யுவேஷன்’ என்ற முறை வந்தது. கட்டாயமில்லை, விரும்பும் நாடு கேட்டுப் பெறலாம். முதலில் அந்த நாட்டு அலுவலர்கள் 19 துறைகளில் தங்களுக்குத் தாங்களே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு வைக்கிறார்கள். தடுப்பூசி, ஆய்வகம், நோய்க் கண்காணிப்பு, கால்நடையிலிருந்து தொற்றும் நோய், உணவுப் பாதுகாப்பு, துறைமுகம், ரசாயன விபத்து, கதிர்வீச்சு எல்லாம் அதில் அடங்கும். பிறகு வெளியிலிருந்து வல்லுநர் குழு வந்து ஏறக்குறைய ஒரு வாரம் அவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் சான்று கேட்டு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே எண்ணை முடிவுசெய்கிறது. 2022இல் வந்த மூன்றாம் பதிப்பில் 56 குறிகாட்டிகள், அதாவது மதிப்பெண் போடும் தலைப்புகள், உள்ளன.

> இந்த மதிப்பீட்டுக்குத் தணிக்கை என்றே போடலாம். அரசு ஊழியர் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, தெரிந்த சொல் என்பதாலேயே அது வேண்டாம் என்கிறேன். தணிக்கை வருகிறது என்ற பேச்சு எழுந்ததும் நம் அலுவலகங்களில் என்ன நடக்கும்? பதிவேட்டில் விட்டுப்போன தேதிகளை ஒரே மையில், ஒரே கையெழுத்தில் ஒரே சாயங்காலத்தில் நிரப்பி முடிப்பார்கள். ‘ஆய்வு’ என்றாலும் வாசலில் சுண்ணாம்புக்கோடு விழுந்துவிடும். இந்த மதிப்பீட்டில் குறைந்த எண் வாங்குவதற்குப் பயன் உண்டு. ஒரு துறையில் 1 விழுந்தால், அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் பணத்தை எங்கே போடுவது என்று அது காட்டிக்கொடுக்கிறது. பயத்தைக் கிளப்பும் சொல்லை வைத்தால் 1 வாங்க வேண்டியவர் 3 என்று எழுதுவார். முறையின் நோக்கமே கெட்டுவிடும்.

ஆகவே கூட்டுப் புறமதிப்பீடு. மேல்நிலை வகுப்புகளில் அகமதிப்பீட்டு மதிப்பெண் இருப்பதால் ‘புறமதிப்பீடு’ சொன்ன உடனே விளங்கும். ‘கூட்டு’ என்பதை விடக்கூடாது, உள்ளவரும் வந்தவரும் சேர்ந்தே எண்ணைத் தீர்மானிக்கிறார்கள். ஜே.இ.இ. என்ற சுருக்கம் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வு.

இனி முதன்மையான சொல்லுக்கு வருகிறேன்.

> பத்திரிகைகள் தயார் நிலை என்றே எழுதுகின்றன. அதைவிட்டு இன்னொன்று எதற்கு?

புதுவையிலிருந்து எழுதிய அம்மா கேட்டது சரியான கேள்வி. ‘மீட்புக் குழுவினர் தயார் நிலையில் உள்ளனர்’ என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் படிக்கிறோம். படகு வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், கூப்பிட்டால் இறங்குவார்கள் என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ரெடினெஸ்’ என்று தனிச்சொல் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆபத்து நெருங்கும்போது உடனே இறங்கக்கூடிய நிலை அது. ‘பிரிப்பேர்ட்னெஸ்’ ஆண்டுக்கணக்கில் கட்டி எழுப்புவது. உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பிரித்தே பேசுகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் கையேடு படிப்பவர் குழம்புவார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அருகில் ஓர் அட்டை இருக்கும். காலையும் மாலையும் செவிலியரோ மருந்தாளுநரோ வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் ஐஸ் பேக்குகளை உறையவைத்து, கோல்டு பாக்ஸைத் துடைத்து எடுத்து வைப்பது தயார்நிலை. ஜெனரேட்டர் வாங்கியது, அதை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது, டீசலுக்கு எந்தக் கணக்கில் யார் பணம் தருவார் என்று முன்கூட்டியே ஆணை வாங்கியது, இரவுப் பணியில் இருப்பவருக்கும் தடுப்பூசியைக் கோல்டு பாக்ஸுக்கு மாற்றத் தெரியும்படி பயிற்சி கொடுத்தது, இவை முன்னாயத்தம். மதிப்பிட வருபவர் பார்ப்பது இந்த இரண்டாம் வகையை. அந்த அட்டையைக் கேட்பார், ஜெனரேட்டர் ஓட்டிய பதிவைக் கேட்பார்.

‘ஆயத்தம் என்றாலே முன்கூட்டி என்றுதானே பொருள், முன் எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னேற்பாடு, முன்னெச்சரிக்கை இரண்டிலும் அதே ‘முன்’ இருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. தனியே ‘ஆயத்தம்’ என்றால் கிளம்ப ஆயத்தம், ஆயத்த ஆடை என்று உடனடித் தன்மைக்குப் போய்விடுகிறது. ‘முன்’ சேர்ந்தால்தான் காலம் நீள்கிறது. வடசொல் என்ற ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேரிடர் வந்த நேரத்தில் கடற்கரைக் கிராமத்துப் பெண்ணிடம் சொல்லி உடனே விளங்க வேண்டும், அதுதான் எனக்கு அளவுகோல்.

எதிர்கொள்திறன் அழகான சொல். ஆனால் ஆபத்து வந்தால் சமாளித்துவிடுவோம் என்ற ஒரு வாக்குறுதி அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019 அக்டோபரில் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு 195 நாடுகளை அவை எவ்வளவு தயாராக இருக்கின்றன என்று பார்த்து வரிசைப்படுத்தியபோது அமெரிக்கா முதலிடத்தில் இருந்தது. அடுத்து வந்த கொரோனாவில் அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏற்பாடு இருப்பது ஒன்று, ஆபத்து வந்தபோது அதை முடுக்கிவிடுவது வேறொன்று. நம் மாவட்டத்திலேயே 2004 சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் தட்டம்மை பரவியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்கு முன்பே ஒரு தவணை ஊசி போட்டிருந்தும் பரவியது. தடுப்பூசி விகிதம் மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால் நல்ல எண்ணே கிடைத்திருக்கும். முன்னாயத்தம் என்ற சொல் வெற்றியைப் பற்றி எதுவும் பேசவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கிறது.

அடுத்து ‘எமர்ஜென்சி’. இதில் என் கருத்து உறுதியானது: அவசரநிலை என்பதை அறிவிக்கப்படும் நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். 1975ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது ஆணை, தடை, அதிகாரம் எல்லாம் சேர்ந்த சொல். காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவியபோது புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். அங்கே அந்தச் சொல் மிகப் பொருத்தம். 2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கு அறிவித்து 2023 மே மாதம் விலக்கிக்கொண்டதும் அவசரநிலைதான். அதைப் பன்னாட்டுப் பொது சுகாதார அவசரநிலை எனலாம்.

அறிவிப்பு வருவதற்கு முன்னால், ஒரு தெருவில் வாந்தி பேதி கூடுவதை முதலில் கவனிப்பது கிராம சுகாதார செவிலியர். அந்தக் கட்டத்தில் அது ‘நிகழ்வு’. பரவி, வழக்கமான ஆட்களாலும் மருந்தாலும் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால் ‘நெருக்கடி’. அரசோ உலக சுகாதார நிறுவனமோ ஆணையிட்டால் ‘அவசரநிலை’. முன்பு சொன்ன பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளின்படி ஒரு நாடு தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிகழ்வை மதிப்பிட வேண்டும். பன்னாட்டு அளவில் கவலைக்குரியதாகலாம் என்று தெரிந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிகளுக்குத் தனித்தனிச் சொல் இருந்தால்தான் எந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று தமிழில் எழுத முடியும்.

ஆக முழுத்தொடர்: பொது சுகாதார நெருக்கடி முன்னாயத்தம். நீளந்தான், ஆனால் அகராதி தேட வேண்டிய சொல் ஒன்றும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் துறையின் பெயர் மக்கள் நல்வாழ்வு, புதுவையில் நலவழி. இருந்தாலும் இரண்டு பக்கமும் வாசல் பலகையில் இருப்பது ‘சுகாதார நிலையம்’. அதை மாற்ற வேண்டாம். ‘பொதுநலம்’ வேறு பொருளுக்குப் போய்விட்டது.

புறமதிப்பீட்டில் 1 முதல் 5 வரையான மதிப்பெண்களுக்கு என் முன்மொழிவு: திறன் இல்லை, குறைதிறன், வளர்ந்த திறன், மெய்ப்பித்த திறன், நிலைபெற்ற திறன். நாலாவதை ‘நிரூபிக்கப்பட்ட’ என்று போட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: செயப்பாட்டு வினை தேவையில்லை. அந்த நாட்டார் தாங்களே செய்து காட்டியதால் வரும் எண் அது. ஐந்தாவதில் பணமும் ஆளும் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி சேர வேண்டும். ‘நிலைபெற்ற’ அதைச் சொல்லிவிடுகிறது.

மற்றவற்றில் அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை. ‘சிமுலேஷன் எக்சர்சைஸ்’ ஒத்திகைதான், இங்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அறையில் உட்கார்ந்து வாய்மொழியாக நடத்துவது மேசை ஒத்திகை. நெருக்கடி முடிந்தபின் எது நடந்தது, எது தவறியது என்று கூடிப் பேசுவது பின்னாய்வு. துறைமுகம், விமான நிலையம், எல்லைச்சாவடி மூன்றுக்கும் பொதுவாக நுழைவிடம்.

எனக்கு இன்னும் முடிவு வராதது ஒன்று உண்டு. ‘பயோசேஃப்டி’, ‘பயோசெக்யூரிட்டி’ இரண்டுக்கும் நாம் உயிரிப் பாதுகாப்பு என்றே எழுதி வருகிறோம். முதலாவது ஆய்வகத்தில் கிருமியிடமிருந்து மனிதரைக் காப்பது. இரண்டாவது கெட்ட எண்ணத்தோடு வரும் மனிதரிடமிருந்து கிருமியைக் காப்பது. இரண்டாவதற்கு உயிரிக் காவல் என்று வைக்கலாமா? பூட்டு, சாவி, யார் உள்ளே போனார் என்ற பதிவேடு என்று அந்த வேலை காவலாகவே இருக்கிறது. புதுவையில் ஆய்வகங்களில் பணிபுரியும் நண்பர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். அங்கே பேச்சுவழக்கில் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பதில் வந்தபின் இந்தப் பதிவைத் திருத்தி, கையேட்டுக்கான சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து